இரண்டாவது புள்ளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே, உன் சளி விட்டதா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உள்ளதைச் சொன்னால் இரண்டு வாரமாக எனக்கு வயிறு எரிகிறது, சாப்பாட்டினால் இல்லை, உன் அம்மாவால்.

கொல்லையில் நான் தொலைநோக்கியோடு நிற்பதை அவள் எப்படிக் கேலி செய்வாள் என்று உனக்கே தெரியும். கடிகாரக் கடையை மூடினவர் இப்போ வானத்தைக் கழட்டிப் பார்க்கிறார் என்று பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் சொன்னவள்தானே. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல இரண்டு விண்மீன் திரள்கள் இருக்கின்றன, பெரிது ஒன்று, சின்னது ஒன்று. மூன்று வருஷமாகத் தேடி எனக்கு அகப்பட்டது ஒரே ஒரு மங்கல். நிலா இல்லாத அன்றைக்கு ஸ்வெட்டர் கொடுக்க வந்தவளை ஒரு பேச்சுக்குப் பார்க்கச் சொன்னேன். கண்ணை வைத்த மாத்திரத்தில், இரண்டு இருக்கே, பெரிசுக்கு மேல சின்னது ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு என்றாள். கண்ணாடியில் தூசி என்றேன். பழைய கவரின் பின்பக்கம் வரைந்தே கொடுத்துவிட்டாள். உள்ளே போய் நட்சத்திரப் புத்தகத்தில் உள்ள படத்தோடு வைத்துப் பார்த்தேன், அச்சு அசல். மங்கலானதை ஓரக்கண்ணால் பார்க்கணுமாம், முப்பத்தஞ்சு வருஷமா உங்களை அப்படித்தானே பார்க்கிறேன் என்று சிரிப்பு வேறு.

எறும்புக் கால் அளவு திருகாணியை எடுத்த கண் என்னுடையது. அன்றிரவு தூக்கமே இல்லை. மறுநாள் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, அவள் வருவதற்குள் தொலைநோக்கியின் ஃபோகஸ் திருகை அரைச் சுற்று கலைத்து வைத்தேன், அவளுக்கும் ஒன்றும் தெரியாமல் போகட்டும் என்று. அவள் அதைச் சரிசெய்து பார்த்துவிட்டு, இப்போ நீங்க பாருங்க என்றாள். பார்த்தேன், இரண்டும் தெரியுது என்று பொய் சொன்னேன். சின்னது எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவள் வரைந்த படம்கூட நினைவுக்கு வராமல் இடது பக்கம் என்று உளறினேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் சுருக்கென்றது. காலையில் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். வலது கண்ணில் முற்றின புரையாம். எத்தனை நாளாக மங்கல் என்று டாக்டரம்மா கேட்க, இப்பத்தான் என்று ஆரம்பித்தேன், உன் அம்மா முகத்தைப் பார்த்ததும் இரண்டு வருஷம் என்று வந்துவிட்டது. பிழைப்பு நடத்தின கண்ணைப் போய்க் குறை சொல்ல மனசு வரவில்லை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன், சின்ன வேலைதான், லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே.

இப்போது அவள் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுகிறேன். பார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதும்போது பேனா தானாக அழுந்துகிறது, நேற்று தாளே கிழிந்துவிட்டது. பல் டாக்டர் வேறு மதில் மேல் எட்டி, அக்கா இன்னிக்கு என்ன தெரியுது என்கிறார். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை அந்த மனுஷன்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க மனதார வாழ்த்துகிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்ன பார்த்தீர்கள் என்று முதலில் என்னைக் கேள். ஒன்றுதான் தெரிந்தது என்று உள்ளபடியே சொல்கிறேன்.

உன் அப்பா