கூட நடக்க ஓர் ஆள்

மதினி,

வாய்க்காலில் இன்று காலை தண்ணீர் வந்துவிட்டது. வெடித்துக் கிடந்த மண் நனைந்து எழுப்பும் அந்த வாசனை தெருமுனையிலேயே மூக்கில் ஏறியது. போன வருடம் இதே வாசனை வந்த காலையில் நீங்கள் வழியில் நின்று, "இனி நாத்துப் பாவிருவாக செல்வி. நடக்கையில பாக்கப் பச்சையா இருக்கும்" என்றீர்கள். வயலில் பச்சை ஏறியபோது நீங்கள் இல்லை.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று டாக்டர் சொன்னது ஒன்றுதான். தினமும் நடக்க வேண்டும். நானும் நடந்தேன். சில நாள் நடப்பேன், அப்புறம் ஒரு மழை வரும், ஒரு விருந்தாளி வருவார், விட்டுப்போகும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள், கடிகாரம் மாதிரிக் கையில் கட்டும் பட்டை ஒன்று அனுப்பினாள். உட்கார்ந்தே இருந்தால் அது அதிர்ந்து எழச் சொல்லும். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தில் நாற்காலியில் இருந்தபடியே அதை அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் மேசை இழுப்பறையில் போட்டேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். அடுத்த தெருவிலிருந்து, சேலையைத் தூக்கிச் செருகி, உங்கள் மகன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டு ஒதுக்கிய கேன்வாஸ் ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு, என் வாசலில் நின்று "ஏ செல்வி!" என்று கூப்பிட்டீர்கள். உங்களுக்கு ஒரு நோயும் இல்லை. நடக்கச் சொன்ன டாக்டரும் இல்லை. "இன்னைக்கு முடியல மதினி, காலு வலிக்குது" என்பேன். "நடக்க வேணாத்தா. சும்மா என்கூடப் பேசிக்கிட்டு வா" என்பீர்கள். பேச்சுவாக்கில் மதகு வரை போய்விடுவோம். டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர், "என்னத்தா, மதினியும் நாத்துனாளும் ரேசுக்குக் கெளம்பிட்டீகளா?" என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள், "ஆமாண்ணே, பரிச எடுத்து வையிங்க" என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினீர்கள்.

எனக்காகத்தான் வருகிறீர்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மதகுச் சுவரில் கைவைத்து மூச்சு வாங்கிய ஒரு காலையில் சொன்னீர்கள்: "வீட்ல பேச்சுக் கேக்கவே ஆளில்ல செல்வி. உங்கண்ணன் உரக்கடையிலருந்து வந்தாக, டிவியப் பாத்துக்கிட்டே சாப்ட்டாக, படுத்தாகன்னு போகுது பொழுது. என்னைக்காச்சும் 'நீ சாப்ட்டியா'ன்னு கேட்டா என்ன கொறைஞ்சு போகும்?" நீங்கள் அழவில்லை. அதன் பிறகு அந்த இடம் வந்தால் தினமும் கொஞ்சம் சொல்வீர்கள். திரும்பும்போது உங்கள் நடை லேசாக இருக்கும்.

ஒரு மத்தியானம், தலை வலிக்கிறது என்று அடுப்படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். தேனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். துக்க வீட்டில் ஒரு சொந்தக்காரி என் காதுபடச் சொன்னாள்: "தெனம் நடந்தவளுக்கே இந்தக் கெதி. நடந்து என்னத்தக் கண்டா?"

அதோடு நானும் நடப்பதை விட்டேன். விடியலில் விழிப்பு வரும், வாசலில் சத்தம் இருக்காது, புரண்டு படுப்பேன். சர்க்கரை ஏறியது. பாதம் எரிந்தது. டாக்டர் திட்டினார். பயம் வந்தது மதினி. ஆனால் பயம் என்னைப் படுக்கையை விட்டு எழுப்பவில்லை.

எழுப்பியது அண்ணன். கார்த்திகைக் குளிரில் ஒரு விடியற்காலை, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு என் கேட்டருகே நின்றார்.

"செல்வி, ஒன் மதினி எந்தப் பக்கமா நடப்பா?"

"ஏண்ணே?"

"சும்மாதான். வீட்ல இருக்க முடியல."

செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனேன். வாழைத்தோட்டங்களைத் தாண்டி அவர் மூட்டு வலியோடு காலை இழுத்து இழுத்து வந்தார். மதகில் நின்று, "இங்கன நின்னு என்ன பேசுவீக ரெண்டு பேரும்?" என்றார்.

"சமையலு, பிள்ளைக பாடு. வேற என்ன?"

"என்னயப் பத்தி?"

"நல்லாத்தான் சொல்லுவாக."

தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாளும் வந்து நின்றார். அன்றிலிருந்து நான் தவறவில்லை. உடம்பு அசதியாக இருக்கும், இன்றைக்கு விட்டுவிடலாம் என்று தோன்றும். நான் வராவிட்டால் அந்த மனிதர் கேட்டருகே எவ்வளவு நேரம் நிற்பாரோ என்ற நினைப்பு வரும், எழுந்துவிடுவேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். "எப்படிம்மா விடாம நடக்குறீங்க?" என்று கேட்டார். சிரித்துவைத்தேன்.

போன வாரம், என் முகத்தைப் பார்க்காமல் அண்ணன் சொன்னார்: "ஒரு தடவ என்னயக் கூப்பிட்டா செல்வி. 'நீங்களும் வாங்க, காலாற நடந்துட்டு வருவோம்'னா. பொண்டாட்டியோட ரோட்ல நடந்தா நாலு பேரு சிரிப்பாகன்னு, வரமாட்டேன்னுட்டேன். ஒன்கிட்டச் சொன்னாளா?"

சொன்னீர்கள் மதினி. அதைச் சொன்ன அன்று மட்டும்தான் என் எதிரில் அழுதீர்கள்.

"இல்லண்ணே. அப்படி ஒண்ணும் சொல்லல" என்றேன்.

நம்பினாரா தெரியவில்லை. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். கொஞ்ச தூரம் போய், நான் வரும்வரை நின்றார்.

நீங்கள் சொன்னது எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. கேட்டிருக்க வேண்டியவர் அவர்தான் என்று தெரிந்தும், அதில் ஒரு சொல்லைக்கூட அவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவையும் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அவருக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறேன்.