மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளை விடப் பெரியது

அக்கராயன்,
புதன்கிழமை.

அன்பு மகள் சாரங்காவுக்கு,

நானும் அப்பாவும் கையும் காலும் ஓடியாடுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஜேர்மனிக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். வட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். வட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய், கோல் எடுத்தால் எனக்குக் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுவேன், இதை நீ ஆறுதலாக இருந்து முழுக்க வாசிக்க வேண்டும். உன்னோடு படித்த நிஷாந்தன் லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே திரும்புகிறான், மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் இந்தக் கடிதமும் அவன் கையில் வரும். நீ மோட்டார் சைக்கிள் கடைக்குப் போய்க் கையெழுத்து வைக்கப்போவது அடுத்த வியாழக்கிழமை என்று சொன்னாய், அதற்கு முதல் கிடைத்துவிடும். இங்கே பெரும்போகம் வெட்டி முடிந்தது, கடைசி மழை கொஞ்சத்தைச் சாய்த்தாலும் நெல்லுக்குக் குறைவில்லை, சிவத்தப் பசு நாம்பன் கன்று போட்டிருக்கிறது, அப்பாவுக்கு முழங்கால் நோவு அப்படியே இருக்கிறது, எண்ணெய் பூசச் சொன்னால் கேட்கமாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு நீ அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிளின் படம் அனுப்பினாய், ஆயிரம் சீசீ, இருநூறு குதிரை வலு என்று எழுதியிருந்தாய். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தார், எங்களின்ர லாண்ட்மாஸ்ரருக்குப் பன்னிரண்டு குதிரை, உவள் இருநூறை வைச்சு எந்த வயலை உழப்போறாள் என்று கேட்டுவிட்டு, ஆனால் படத்தைச் சந்திக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். இரண்டு வருடம் சின்ன லைசென்சோடு ஓடி, பிறகு பெரிய லைசென்சுக்கு ஓட்டச் சோதனைக்குப் போய், முதல் தரம் கோட்டை விட்டு இரண்டாம் தரம் எடுத்தவள் நீ. அப்படிப்பட்ட நீ போன கிழமை கோலில், இல்லையம்மா, அறுநூற்றைம்பதே எனக்குக் காணும் என்றாய். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்டேன், சும்மா என்றாய். உன்னைப் பெற்றவளுக்கு உன்னுடைய சும்மா தெரியாதா?

சும்மாவின் காரணம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவில் வந்து வாசலில் இறங்கியது. சுகிர்தனின் தாய் ராஜினி கனகராயன்குளத்திலிருந்து லட்டுப் பெட்டியோடு வந்திருந்தா, உங்கள் கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் பார்க்க. தேத்தண்ணி கொடுத்தேன், நன்றாகத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று குரலைத் தாழ்த்தி, சாரங்கா ஆயிரம் வாங்கப் போறாவெண்டு கேள்விப்பட்டன், சுகிர்தன் அங்க வைச்சிருக்கிறது அறுநூற்றைம்பதுதானே, புருசன்ரயைவிடப் பெண்சாதியின்ர பெரிசா நிண்டால் பாக்கிற சனம் என்ன கதைக்கும், நானே பிள்ளையோட கோலில கதைச்சனான், ஓமெண்டிட்டா, சொல்வழி கேக்கிற பிள்ளை என்றா. எனக்கு உச்சந்தலையில் ஏறியது. குறிப்பெல்லாம் பொருந்தினாப் பிறகு இஞ்சினுக்கும் பொருத்தம் பாக்கோணுமோ என்று கேட்டேன். அவா சிரித்தா, நான் சிரிக்கவில்லை. உங்கட மகனுக்குக் குறைவாத் தெரிஞ்சால் அவர் பெரிசை வாங்கட்டும், என்ர பிள்ளை ஆரின்ரயும் மானத்தைக் காப்பாத்தச் சின்னன் வாங்காது என்று சொல்லிவிட்டேன். அப்பா பின்னாலிருந்து இருமினார், நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ராஜினி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. நாள் வைக்கவில்லை. இன்றைக்கு மூன்று நாள், அங்கேயிருந்து ஒரு கோலும் இல்லை.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். உன்னைக் கேட்காமல் உன் கல்யாணத்தில் கை வைத்தது பிழை, அதற்கு உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன சொல்லுக்கு ஒருவரிடமும் கேட்கமாட்டேன். பெரியம்மா கோல் எடுத்து, இருபத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வந்த சம்பந்தத்தை உன்ர வாயாலேயே துரத்திப்போட்டாய் என்று அழுகிறா, கோயிலடியில் இரண்டு பேர் என்னைக் கண்டதும் கதையை நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், உனக்குச் சுகிர்தனைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு மோட்டார் சைக்கிளைச் சின்னதாக்கச் சொல்கிறவர்கள் நாளைக்குச் சம்பளத்தையும் படிப்பையும் சிரிப்பையும் சின்னதாக்கச் சொல்லமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

நான் விசரில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சந்தியில் கராஜ் வைத்திருக்கிற விஜிதரனிடம் திங்கட்கிழமை போய் ஆயிரத்தின் படத்தையும் நீ போன கிழமை அனுப்பின அறுநூற்றைம்பதின் படத்தையும் காட்டினேன். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, றோட்டில ஓட அறுநூற்றைம்பது தாராளம் அன்ரி, ஆயிரம் முதல் கியரிலேயே நூறைத் தாண்டும், குனிஞ்சு குனிஞ்சு மணிக்கட்டும் இடுப்பு நாரியும் போயிடும், பாரத்தில பெரிய வித்தியாசமில்லை, இழுவைதான் மூண்டு மடங்கு, ஈர றோட்டில கை கொஞ்சம் கூடத் திருகினால் ஆளைத் தூக்கி எறிஞ்சிடும் என்றான். அவனே வாங்குவதென்றால் எதை வாங்குவான் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு ஆயிரம் என்றான். ஆகவே நீ யோசி. அந்த இழுவைக்குப் பயந்து அறுநூற்றைம்பதை எடுத்தாயானால் நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், சந்தோசப்பட்டு நித்திரை கொள்வேன். கால் நிலத்தில் படவில்லை, இன்சூரன்ஸ் காசு அதிகம், வேலைக்குப் போய்வர இதுதான் வசதி, எந்தக் காரணமும் நல்ல காரணம். ராஜினி சொன்னா என்ற காரணம் மட்டும் வேண்டாம். அந்தக் காரணத்துக்காகச் சின்னதில் ஏறினாயானால் அதை ஸ்டார்ட் பண்ணுகிற ஒவ்வொரு நாளும் உனக்கு ஆயிரம் ஞாபகம் வரும், பிறகு அந்தக் கோபம் சுகிர்தனின் தலையில்தான் விடியும்.

இனி ஒரு கதை, இது உனக்குத் தெரியாது, நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். இதை எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன், முதலில் வேண்டாம் என்றார், முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து எழுது என்றார். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த அடுத்த வருடம் எனக்கு, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற மருத்துவமாது வேலைக்கென்று, சுகாதாரக் கந்தோரால் மோட்டார் சைக்கிள் தந்தார்கள். அப்பாவுக்கு ஓடத் தெரியாது, ஒருக்கா வாய்க்காலுக்குள் விழுந்ததோடு இனித் தொடமாட்டேன் என்றுவிட்டார். கிளிநொச்சிக்குப் போவதென்றால் நான் ஓட அவர் பின்னால் இருப்பார். சந்திக்கு முதல் ஒரு மதகு வரும், அதில் நிற்பாட்டச் சொல்லுவார். கால் விறைச்சுப் போச்சு, கொஞ்சம் நடக்கிறன் என்பார். இறங்கித் தேத்தண்ணிக் கடைகளுக்கு முன்னால் தனிய நடந்துபோவார், நான் அங்கால் பள்ளிக்கூட மதிலடியில் போய் இஞ்சினை நிற்பாட்டிவிட்டு அவர் வரும்வரை நிற்பேன், வந்து ஏறுவார். அவர் விறைச்சுப் போச்சு என்பார், நான் ஓம் என்பேன். இரண்டு மாதம் இப்படி. ஒருநாள் வழமைபோல மதகில் பிரேக் பிடித்தேன், ஏன் நிக்கிறாய், போ என்றார். போனேன். கடையடியில் ஒருவன் கூவென்று கத்தினான், அப்பா இறங்கவில்லை, நான் ஹெல்மெட்டுக்குள் கிளிநொச்சி வரைக்கும் அழுதுகொண்டு ஓடினேன். இன்றைக்கு இதை எழுதக் கேட்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

சுகிர்தன் நல்லவர் என்றுதான் இன்னும் நினைக்கிறேன், தாய் சொன்னதை அவர் சொன்னதாக எடுக்காதே, தாய் உன்னோடு கோலில் கதைத்தது அவருக்குத் தெரியுமோ என்பதே எனக்குத் தெரியாது. வியாழக்கிழமைக்கு முதல் நீயே நேரே கேள். ஆயிரத்தை நான் ஓட, நீங்கள் பின்னால இருந்து வருவீங்களோ, உங்கட சிநேகிதர்மார் நிக்கிற இடத்தாலயும் இறங்காமல் வருவீங்களோ என்று கேள். பின்சீற் உள்ளங்கை அளவுதான் என்று விஜிதரன் சொன்னான், பரவாயில்லை, ஒருக்கா இருந்து பார்க்கட்டும். ஓம் என்று சொன்னாரென்றால் நான் அடுத்த நாளே கனகராயன்குளம் போய் ராஜினியிடம் மன்னிப்புக் கேட்பேன், அதையும் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் போய்க் கேட்பேன். இல்லை, இறங்கத்தான் வேண்டும் என்றாரென்றால் மரியாதையாக இறக்கிவிடு. ஆனால் அங்கால் போய்க் காத்து நிற்காதே பிள்ளை. நான் இரண்டு மாதம் நின்றேன். நீ ஒரு நிமிடமும் நிற்காதே.

எதை வாங்கினாலும் கையுறையும் நல்ல சப்பாத்தும் போடாமல் தெருவுக்கு இறங்காதே, மழையில் ஓடாதே, ஒடியல் மாவை ஈரம் படாமல் வை. பிள்ளையார் உன்னை முன்னாலும் பின்னாலும் பார்த்துக்கொள்வார், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எந்த நாளும் உனக்கு உண்டு.

உன்னை நம்புகிற அம்மா,
நாகேஸ்வரி மயில்வாகனம்