விரால் வாயில் இருந்த முடிச்சு

ஸ்கந்தபுரம்
வெள்ளிக்கிழமை

மச்சான்,

கோபத்தோடு என்றாலும் கடைசிவரை வாசி.

நோர்வே ஆற்றில் நீ பிடித்த பெரிய ட்ரவுட் மீனின் படத்தை என் மனிசி, உன் தங்கை, காட்டினாள். "அண்ணன் தனியத்தான் இழுத்தவராம். நீங்கள் பக்கத்தில நிண்டிருந்தா அதுவும் போயிருக்கும்" என்றாள். சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

குளம் நிரம்பி வான் பாய்ந்த அந்த மாரியில், ஆற்றில் என் தூண்டிலைக் கவ்விய விரால் நினைவிருக்கும். "ஓடவிடு மச்சான், களைச்சாப் பிறகு இழு!" என்று நீ கத்தினாய். நானோ பெரிய வீரன், ஒரே இழுவை! நூல் அறுந்து சேற்றில் மல்லாந்தேன். ஊர் சிரிக்க முந்தி, உன்னைக் காட்டி, "இவன் போட்ட முடிச்சு அவிண்டிட்டுது" என்று சொல்லித் தப்பினேன். அந்தக் கதையைத் தேத்தண்ணிக் கடைதோறும் காவித் திரிந்தேன். உன் கலியாணத்தில் நீ தாலிக் கயிற்றை எடுத்தபோதும், "முடிச்சுக் கவனம் மச்சான்!" என்று கூவினேன். மண்டபமே சிரித்தது. மணப்பெண் அழுதாள். அன்றிலிருந்து நீ என்னோடு கதைப்பதில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று. அந்த விரால், நூல் அறுந்த நாலாம் நாள், சங்கிலி அண்ணனின் வலையில் பட்டது. வாங்கியவன் நான். அதன் வாயில் நம் தூண்டில் முள், அதில் உன் முடிச்சு, ஒரு சாண் நூல். மீனைக் குழம்பு வைத்துத் தின்றேன். முள்ளை ஒளித்து வைத்தேன்.

இந்த உறைக்குள் அது இருக்கிறது, கை கவனம். துருப்பிடித்துவிட்டது. நேற்றுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அவிழ்க்கப் பார்த்தேன். உன் முடிச்சு அசையவில்லை.

இப்படிக்கு,
நூலை விடத் தெரியாத மைத்துனன்