தாயின் மடியைக் காட்டச் சொன்னவளுக்கு

அக்கா,

இன்று காலை சோளக்காட்டுக் கடைவீதியில் என் பழக்கடையில் அன்னாசிப்பழம் சீவிக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்த ஒருவன் எதிரே பிளாஸ்டிக் கூடையை இறக்கித் துண்டை விலக்கினான். உள்ளே நான்கு வெள்ளை நாய்க்குட்டிகள். அவற்றைப் பார்ப்பதற்கு முன்பே குழந்தைகளுக்குப் போடும் பவுடரின் வாசனை மூக்கில் ஏறியது. கத்தியைக் கீழே வைக்க மறந்து எழுந்து நின்றேன்.

அந்த வாசனையை நீயும் நானும் ஒன்றாகத்தான் முதலில் மோந்தோம். என் மகள் பொமேரியன் குட்டி கேட்டுச் சாப்பிடாமல் முரண்டு பிடித்தாள். அடிவாரத்து ஊரில் ஒருவர் விற்பதாகச் சொன்னார்கள். உன்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் வீட்டு முன்கூடத்தில் பவுடர் பூசிய குட்டியை மேசைமேல் நிறுத்தியிருந்தார். அதன் சடையைத் தடவியதும் நான் சொக்கிப்போனேன். நீதான் கேட்டாய்: "ஏனுங்க, தாயக் காட்டுங்க. மடியப் பாக்கோணும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதென்ன ஆடுங்களா? தாய் வெளியூர்ல இருக்குதுங்க. குட்டிக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு."

வெள்ளாட்டுக் குட்டி வாங்கப் போனால், தாயின் மடியைத் தொட்டுப் பார்க்காமல் நம் மலையில், திண்ணனூர் நாட்டில், யாரும் கயிற்றில் கை வைப்பதில்லை. எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பில் கூசிப்போனேன். மலைக்காரிகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவாரோ என்ற வெட்கம். "சும்மா இருக்கா, இது டவுன் நாயி" என்று உன் இடுப்பில் இடித்தேன். எனக்காக நீ வாயை மூடிக்கொண்டாய்.

நான்காம் நாள் குட்டி ரத்தமாகக் கழிந்தது. செம்மேட்டு மாட்டு டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். "பால்பல்லே இப்பத்தான் வருது. ஒரு மாசம் ஆகாததத் தாய்கிட்டருந்து புடுங்கியிருக்காங்க. ஊசி போடற வயசே இன்னும் வரலீங்க" என்றார். மகளின் மடியில் இழுத்து இழுத்து மூச்சுவிட்டுச் செத்தது.

மறுநாள் அடிவாரத்துக்குக் கிளம்பிய நீ என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் உன் பின்னால் வந்தேன். அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் நேரே கொல்லைப்புறம் போனாய். தகரக் கொட்டகைக்குள் கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தவற்றின் மூத்திரம் கீழே இருந்தவற்றின் முதுகில் சொட்டியது. வெளியூரில் இருப்பதாகச் சொன்ன தாய் அங்கேதான் கிடந்தது. மடி பழுத்து வெடித்து, காம்புகளில் ஈ மொய்த்தது. பாதங்கள் கம்பி இடுக்கில் புதைந்து புண்ணாகியிருந்தன.

நீ கத்தவில்லை. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துப் பூட்டில் அடித்தாய். அவர் இரும்புக் குழாயோடு ஓடிவந்து உன் இடது கையில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ வலது கையால் மறுபடியும் பூட்டை அடித்தாய். அவர் குழாயை உன் தலைக்கு ஓங்கியபோது, ஒரு செங்கல்லை எடுத்து அவர் வாயில் அடித்தேன். பல் தெறித்தது. விழுந்தார். விழுந்த பிறகும் அடித்தேன். "போதும் கண்ணு, உடு. நாயப் புடி" என்று நீ சொல்லியிருக்காவிட்டால் கொன்றிருப்பேன். எனக்கு அதில் இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் அந்த அடியில் பாதி, உன்னைச் சும்மா இருக்கச் சொன்ன என் வாயில் விழுந்திருக்க வேண்டியது.

ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் சமாதானம் எழுதி வாங்கினார்கள். தாய் நாய் உன் ஆட்டுப்பட்டிக்கு வந்தது. உன் கை கோணலாகவே கூடியது. இந்த வைகாசியில் காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை அந்தக் கையில்தான் அது தலைவைத்துப் படுத்தது. இப்போது என் வீட்டில் இருக்கிறது. பூட்டுச் சத்தம் கேட்டால் இன்னமும் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டுவிடுகிறது.

இன்று காலை பஸ்ஸிலிருந்து அக்காளும் தங்கையுமாக இரண்டு பெண்கள் இறங்கினார்கள். தங்கை கூடையிலிருந்து ஒரு குட்டியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் குறுக்கே போய், "தாயக் காட்டு" என்றேன் அவனிடம்.

அவனும் சிரித்தான். "இதென்ன ஆடாக்கா?"

குத்திவிடலாம் போல இருந்தது. என் கையில் கத்தி இருப்பதை அப்போதுதான் அவன் பார்த்தான். சிரிப்பு நின்றது. "தாய் வெளியூர்லக்கா" என்றான்.

நான் மூத்தவளிடம் திரும்பினேன். "தாய் இருக்கற ஊட்டுக்கே போய் வாங்குங்க கண்ணு. மடியப் பாருங்க. வளக்கறவங்க கிட்டப் போனா அது வாலாட்டுதா, ஒடுங்குதான்னு பாருங்க. ரெண்டு மாசம் ஆகாமத் தரமாட்டேன்னு சொல்றவங்ககிட்ட வாங்குங்க."

அவள் அவனைக் கேட்டாள். "எந்த ஊருங்க? நாங்களே வந்து பாக்கறோம்."

தங்கை அவள் இடுப்பில் இடித்தாள். "சும்மா இருக்கா."

"உங்கக்காவக் கேக்க உடு!" என்று கத்தினேன். கடைவீதியே திரும்பிப் பார்த்தது. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

இந்த முறை வாயை மூடிக்கொண்டவள் தங்கை.