கடுக்காய் மரத்தடித் தீ

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் யாரோ சருகைக் கொளுத்தினார்கள். அந்தப் புகை வாசனை வந்ததும் பிசைந்த சாமைச் சோற்றை அப்படியே தட்டில் போட்டுவிட்டேன். நீ செத்துப்போய் ஐந்து மாதம் ஆகிறது. உன்னிடம் ஒன்றை மறைக்கத் தொடங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது.

நாளைக்கு ஊர்க்கூட்டம். காட்டுத் தீ பற்றிப் படம் போடுகிறார்களாம். ஏற்பாடு செய்யும் பெண் நேற்று வீட்டுக்கு வந்தாள். "தீ வெச்சிட்டு அப்புறமா மனசு மாறினாங்களே ஒரு அக்கா, அவங்க கதைய நீங்கதான் சொல்லணும். நீங்கதானே அவங்களுக்கு நெருக்கம்" என்றாள். நெருக்கம்தான்.

போன வருடம் மாசி மாதச் சந்தை நாளில் இருவரும் கடுக்காய் பொறுக்கப் போனோம். மரத்தடியில் சருகு மூடிக் கிடந்தால் விழுகிற காய் கண்ணில் படாது. கொளுத்திவிட்டால் தரை சுத்தமாகிவிடும், அடுத்த முறை பொறுக்கச் சுலபம். நம் பெண்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். நீ உன் மரத்தடியைக் கொளுத்தி, பச்சைக் கிளையால் அடித்து அணைத்து, மண்ணைப் போட்டு, உள்ளங்கையை வைத்தும் பார்த்தாய்.

"சூடு இல்லடி. நீ வெக்காத, காத்து அடிக்குது. பஸ்ஸுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய்.

தலையாட்டினேன். உன் தலை மறைந்ததும் மேலே என் மரத்தடியில் தீக்குச்சியைக் கிழித்தேன். அடுத்த முறை இன்னும் நிறையப் பொறுக்கலாம் என்ற பேராசை. சருகு பிடித்து எரியும்போதே கீழே பஸ் ஹாரன் கேட்டது. அதை விட்டால் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு அன்றைக்கு வேறு பஸ் இல்லை. நாலு அடி அடித்துவிட்டு மூட்டையோடு ஓடி வந்துவிட்டேன்.

வளைவில் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மரத்துக்கு மேலே புகை. நீ அந்தப் பக்கம் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாய். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் நீ திட்டுவாய் என்று விழுங்கிவிட்டேன். அவ்வளவு சின்னக் காரணம்தான்.

சாயங்காலம் திரும்பியபோது சரிவு முழுக்கக் கரியாகிக் கிடந்தது. ஊரார் கேட்பதற்கு முன்பே நீ முந்திக்கொண்டாய்: "என் நெருப்புதான். சரியா அணையல போல கீது." நான் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துச் சுவரில் பூமி சூடாவதைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். பனிக்கரடி வந்ததும் என் இடுப்பில் இடித்தாய். "இன்னாடி, நம்ம கரடிக்கு சுண்ணாம்பு அடிச்சி வுட்டுக்கிறாங்க!" சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அடுத்து ஏதோ ஒரு தேசத்தில் காடு எரிந்தது. குட்டியைச் சுமந்த குரங்கு ஒன்று இறங்க வழியில்லாமல் கிளை மாற்றிக் கிளை தாவியது. காடு எரிந்தால் வெயில் ஏறும், வெயில் ஏறினால் இன்னும் காடு எரியும் என்று ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. நீ பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது.

"நம்ம சரிவுல எத்தினி குட்டி ஓடிச்சோ. பாவி, நான்தானே வெச்சேன்."

"வுடுடி, வெறும் படம்" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

அதற்கப்புறம் அந்தப் படம் உன்னை விடவில்லை. என் போனை வாங்கி அந்தக் குரங்கு வரும் இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாய். தீப்பெட்டியோடு மலையேறும் பெண்களை மறித்துத் திருப்பி அனுப்பினாய். சாமை விதைக்க மழை தள்ளிப்போனபோது அதற்கும் நீதான் காரணம் என்றாய். "உன் ஒரு மரத்தடியாலயாடி உலகமே சூடாகுது?" என்று அதட்டினேன். அதட்ட மட்டும் எனக்கு நாக்கு இருந்தது. ஐப்பசியில் மஞ்சள் காமாலையோடு திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "மேல மழ வந்துச்சா?" என்றுதான் கேட்டாய். வந்தது என்றேன். மீதியை அப்போதும் சொல்லவில்லை.

நாளைக்குக் கூட்டத்தில் எழுந்து சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் உன் வீட்டுக்காரருக்குத் தெரியட்டும் என்று, இதை எழுத உட்காரும் முன்பே போய் வந்தேன். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தத் தீய வெச்சது நானு. அவ இல்ல."

கை நின்றது. அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. சிதறிய கொட்டைகளைக் கையால் ஒதுக்கினார்.

"அவகிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். "ரெண்டு திட்டு திட்டிட்டு, சோறு போட்டிருப்பா."

ஊர் திட்டுவதை நாளைக்கு வாங்கிக்கொள்வேன். உன்னிடம் வாங்க வேண்டியதை எங்கே போய் வாங்குவேன்?