அவகாசம் கொடுத்த ஆபீஸ்

வடகரை
செப்டம்பர் 2020

என் கண்ணே மாஜிதா, உம்மாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், பம்பாயில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதாம், கொரோனாவால் குளிக்கத்தான் யாரையும் விடவில்லை. இத்ரீஸ் மாமாவின் லாரி மறுபடியும் புளியறை செக்போஸ்ட் தாண்டி கேரளாவுக்கு ஓடுகிறது. ஊரடங்கில் வாசலிலேயே நின்றதே, தவணை கட்ட வழியில்லாமல் என் தம்பி சோறு இறங்காமல் கிடந்தான், பைனான்ஸ்காரன் வண்டியைத் தூக்கிவிடுவான் என்றே பயந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து உங்கள் ரிசர்வ் பேங்க் தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்க வழி செய்ததே, வண்டி தப்பியது. அதற்கும் வட்டி ஏறியிருக்கிறது என்று முனகுகிறான், வண்டி கையில் இருக்கிறதல்லவா, ஓட்டிக் கட்டட்டும்.

உன் வாப்பா சங்கதிக்கு வருகிறேன். வட்டியை ஏற்றி இறக்கும் ஆபீஸில் மகள் வேலை பார்ப்பது ஹராம் என்று நாலு வருஷமாய் உன் சம்பளத்தில் ஒரு பிடி அரிசி வாங்க விடவில்லை, கேட்டவர்களிடம் பம்பாயில் டீச்சர் என்றே சொல்லி வந்தார், நீயும் பொறுத்துக்கொண்டாய். போன வெள்ளிக்கிழமை மாமா அவர் கையைப் பிடித்து, "மச்சான், கடன்பட்டவன் கஷ்டத்துல இருந்தா வசதி வார வரைக்கும் அவகாசம் குடுங்கன்னு குர்ஆன்லயே இருக்குல்லா, ஒங்க மவ ஆபீஸ் அதத்தான செஞ்சிருக்கு" என்றான். அன்று சாயந்தரம் அஸர் தொழுதுவிட்டு வந்த உன் வாப்பா தெருவில் நின்று எதிர்வீட்டு ரத்தினம் சாரிடம், "எம் மவ ரிசர்வ் பேங்க்ல இருக்கா" என்று சொன்னாரே, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வட்டி ஹராம்தான், அதில் மாற்றமில்லை என்கிறார், ஆனாலும் சொல்லிவிட்டார். ரத்தினம் சார் விடுவாரா, "டெபாசிட் வட்டி இப்படி இறங்குனா ரிட்டயரான நாங்க எதத் திங்க, கேட்டுச் சொல்லும்வே" என்று பிடித்துக்கொண்டார். உலகமே முடங்கிக் கிடக்கையில் நீங்களும் என்னதான் செய்வீர்கள், ஆளுக்கொரு உப்புக் கேட்க ஒரே சட்டியில் ஆக்குகிற வேலை.

நேரத்துக்குச் சாப்பிடு, மாஸ்க்கைக் கழற்றாதே. எத்தனை வீட்டில் இத்ரீஸைப் போல ஒருவன் நிம்மதியாய் மூச்சு விட்டானோ, அத்தனை பேரின் துஆவும் உனக்குச் சேரட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மறக்காமல் போன் பண்ணு. இந்தக் கடிதம் எப்போதும்போல உன் ரூமுக்கு வராது, ஆபீஸுக்கு வரும். உறைமேல் உன் பெயரையும் ஆபீஸ் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதியது வாப்பாதான், நான் கேட்கவே இல்லை.

உன் உம்மா,
ஹைருன் பீவி