ரசப்பொடியைத் தொடாதே

அசோக் நகர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பூஜாவுக்கு, அம்மா தங்கபுஷ்பம் எழுதுவது. அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தி.நகர் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், அப்பா மத்தியானம் சாப்பிடக்கூட வருவதில்லை.

ரசப்பொடியைத் தொடாதே என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நீ பார்த்துவிட்டாய் என்று தெரியும். பதில் இல்லை, போனையும் எடுப்பதில்லை. உன் கோபம் நியாயம்தான். காரணத்தைப் போனில் சொல்ல எனக்கும் வாய் வராது.

சீலியாக், கோதுமை குடலுக்கு ஆகாத வியாதி என்று கண்டுபிடித்து, கோதுமையை விட்டு இரண்டு வருஷமாகியும் குடல் ஆறவில்லை என்று புனே டாக்டர் சொன்னபோது உன்னைக் கண்டபடி பேசினேன். கூட இருக்கிறதுகளோடு பீட்சா தின்றுவிட்டு என்னிடம் பொய் சொல்கிறாய் என்றேன். நீ அழுது சத்தியம் செய்தும் நம்பவில்லை.

வியாழக்கிழமை அடையாறில் ஒரு டயட்டீஷியனைப் பார்த்தேன். பொடிக்குப் போடும் சாமான் டப்பா அத்தனையும் பையில் கொண்டுபோனேன், என் சுத்தத்தைக் காட்டத்தான். மில்லில் கோதுமை அரைத்திருப்பார்கள் என்று வீட்டு மிக்ஸியிலேயே அரைப்பவள் அல்லவா நான். அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஆன்ட்டி, இந்தப் பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்காங்களே, பாக்கலையா என்று கேட்டாள். பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. வாசனை உனக்குப் பிடிக்கும் என்று தாராளமாகவே போட்டு அனுப்பினேன், மாதாமாதம்.

இது புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா என்றும் கேட்டேன். குடல் பல வருஷம் ஆறாமலே கிடந்தால் அபூர்வமா வரலாம், சுத்தமா நிறுத்தினா பெரும்பாலும் ஆறிடும், பயப்படாதீங்க என்றாள். எப்படிப் பயப்படாமல் இருப்பேன்? வருகிற பதினேழாம் தேதி உனக்குக் குடலில் சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம், உன் ரூம்மேட் சிம்ரா சொல்லித்தான் தெரியும். பயமாக இருக்கிறது பூஜா.

டாக்டரிடம் பெருங்காயத்தைப் பற்றி மறைக்காமல் சொல். தப்பு அம்மாவுடையது என்று சொல். ரசப்பொடி, சாம்பார் பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டு. அம்மா அரைத்ததாயிற்றே என்று ஒரு ஸ்பூன்கூட வைத்துக்கொள்ளாதே.

திருச்செந்தூர் முருகன் உன்னைக் கைவிட மாட்டான். ரிசல்ட்டில் என்ன வந்தாலும் முதலில் என்னிடம் சொல். பேசப் பிடிக்காவிட்டால் திட்டுவதற்காவது ஒரு தடவை கூப்பிடு தாயி. நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் அம்மா